கரையைத் திறந்த காட்டுப்பன்றி

செவ்வாற்றங்காட்டில் கேழி என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தாள். மூக்கை மண்ணில் வைத்தால் போதும், எந்த மண் இறுகும், எந்த மண் வழுக்கும், எது தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடும் என்று சொல்லிவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். யாராவது புகழ்ந்தால் ஒரு புதருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

காட்டின் நடுவே செவ்வாறு ஓடியது. ஆற்றை ஒட்டிப் பெரிய புல்வெளி. முயல்களும் மான்களும் காடைகளும் ஆள்காட்டிக் குருவிகளும் அங்கே குடியிருந்தன. கோடையில் ஆறு சாதுவாகக் கிடக்கும். மழைக்காலம் வந்தால் செம்மண் குழம்பாகப் பொங்கி, புல்வெளியில் ஏறி, சில நாள் தங்கிவிட்டு வடியும். அது ஏறும்போது எல்லோரும் குன்றுக்கு ஓடுவார்கள். வடிந்ததும் திரும்பி வருவார்கள்.

ஓர் ஆண்டு அப்படி ஓட நேரம் கிடைக்கவில்லை. புல்வெளியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மழை தூரத்து மலையில் பெய்தது. எல்லோரும் மேய்ந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிட்டது. செவியன் என்ற முயலின் குட்டிகள் புதரடியில் தூங்கிக்கொண்டிருந்தன. அவன் திரும்பி ஓடி வந்தபோது அந்த இடத்தில் புதரே இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு செவியன் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லை. கேழி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றாள்.

"இது நல்ல களிமண்" என்றாள் கடைசியில். "இதை வைத்து ஆற்றுக்கு ஒரு கரை கட்டலாம்."

செவியன் நிமிர்ந்து பார்த்தான். "ஆறு நிற்குமா அக்கா?"

"கரை நின்றால் ஆறும் நிற்கும்."

அப்படித்தான் வேலை தொடங்கியது. அது சின்ன வேலை இல்லை. கேழி களிமண்ணைத் தோண்டிக் கொடுத்தாள். மான்களும் முயல்களும் அதைத் தேக்கிலையில் பொதிந்து கவ்விக்கொண்டு வந்து கொட்டின. ஒவ்வோர் அடுக்கு மண் விழுந்ததும் காட்டெருமைகள் அதன் மேல் நடந்து மிதித்தன. மிதித்து இறுகாமல் அடுத்த அடுக்குப் போடக் கேழி விடமாட்டாள்.

"இன்னும் எத்தனை முறை நடப்பது? கால் வலிக்கிறது!" என்று எருமைகள் முணுமுணுக்கும்.

"என் மூக்கு உள்ளே போகாதபடி மண் இறுகும் வரைக்கும் நடங்கள்!" என்பாள் கேழி. மூக்கால் குத்திப் பார்ப்பாள். போனால், மறுபடியும் நடை.

கரை எழுந்ததும் அதன் சரிவெல்லாம் வெட்டிவேர் நட்டாள். வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மழைக்காலத்தில் செவ்வாறு பொங்கி வந்தது. கரையில் முட்டியது. உறுமியது. ஏற முடியாமல் அப்படியே ஓடிப்போனது! புல்வெளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆள்காட்டிக் குருவி கீச்சி, தரையில் இட்ட தன் முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடியே, "நனையவில்லை! நனையவில்லை!" என்று காடு முழுவதும் கேட்கக் கத்தினாள்.

செவியனுக்குப் புதிய குட்டிகள் பிறந்தன. அவை அந்த மழைக்காலம் முழுவதும் புதரடியிலேயே தூங்கின. அவன் கரையின் மேல் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "இந்தக் கரைதான் நமக்குத் தாய்! ஆண்டுக்கு ஒரு நாள் எல்லோரும் இதற்கு மண் போட வேண்டும். அவரவர் வாசலில் இருந்து ஓர் இலை மண்! நம் வீட்டு மண் நம்மைக் காக்கட்டும்!"

எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. கேழிக்கும் பிடித்தது. கரை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் அமுங்கும், மேலே மண் போடத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வாசல் மண்ணை ஏன் எடுக்க வேண்டும் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. எல்லோரும் தன் கரையைச் சுற்றி மகிழ்ச்சியாக நிற்கும்போது, அதைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

கோடைதோறும் மண் போடும் நாள் வந்தது. குட்டிகள் பிறந்த வீட்டுக்காரர்கள் இரண்டு இலை போட்டார்கள். மணமானவர்கள் மூன்று இலை போட்டார்கள். கரை உயர்ந்தது. ஆண்டுகள் ஓடின. கரைக்கு முந்திய வெள்ளத்தைப் பார்த்திராத ஒரு தலைமுறையே புல்வெளியில் வளர்ந்து நின்றது.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆற்றுத் தண்ணீர் கரையின் விளிம்புக்கு இன்னும் கொஞ்சம் அருகில் வந்தது.

"மழை கூடிவிட்டது" என்றன மான்கள்.

"அப்படியானால் இன்னும் மண் போடுவோம்!" என்றான் செவியன்.

ஒரு கோடையில் ஆற்றிலிருந்து ஒரு நீர்நாய் கரையேறி வந்தான். அவன் பெயர் சுழியன். கரையில் வளை தோண்ட அவனுக்கு அனுமதி இல்லை. அதனால் புல்வெளிக்காரர்களோடு அவனுக்கு எப்போதும் வாய்ச்சண்டைதான்.

"யாராவது என் பாறையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டான்.

"உன் பாறையை நாங்கள் ஏன் பார்க்கிறோம்?" என்றான் செவியன்.

"ஆற்று நடுவில் இருந்ததே, நான் வெயில் காயும் பாறை! முன்பெல்லாம் அதில் உட்கார்ந்தால் வால் நுனிகூட நனையாது. இப்போது பாறையையே காணோம்!"

"தொலைத்துவிட்டு எங்களிடம் தேட வந்தாயா?"

"தொலையவில்லை மாப்பிள்ளை. மணலுக்கு அடியில் போய்விட்டது. ஆற்றின் தரை மேலே வந்துகொண்டே இருக்கிறது. இங்கே நின்று பார். அந்தப் பக்கம் ஆற்று மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் உன் வீடு பாதாளத்தில் தெரிகிறது. உன் காது இரண்டும் மேலே எட்டிப் பார்க்கும் புல் மாதிரி இருக்கின்றன!"

குட்டி முயல்கள் சிரித்துவிட்டன. செவியனுக்குக் கோபம் வந்தது. "கரையில் வளை தோண்ட விடவில்லை என்ற கோபத்தில் பேசுகிறாய்!"

"கோபம்தான்! இல்லை என்று சொன்னேனா? ஆனால் எனக்குக் கோபம் இருந்தால் பாறை தானாகப் புதைந்துவிடுமா? போ, போய் உன் தாய்க்கு இன்னொரு இலை மண் போடு!"

சுழியன் சறுக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டான். செவியன் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். பக்கத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த கேழி மட்டும் தோண்டுவதை நிறுத்திவிட்டாள்.

அன்று அவள் தண்ணீர் குடிக்கக் கரையேறினாள். ஏறும்போது மூச்சு வாங்கியது. மறுபக்கம் இறங்கத் தொடங்கினாள்; தொடங்குவதற்குள் ஆற்று மணலில் நின்றாள். தண்ணீர் குடித்தாள். திரும்பிக் கரையில் ஏறினாள், இரண்டே தாவலில் உச்சி வந்துவிட்டது. வீட்டுப் பக்கம் இறங்க, இறங்க, இறக்கம் முடியவே இல்லை. முன்பெல்லாம் தண்ணீர் குடிக்கப் போவதுதான் இறக்கமாக இருந்தது. இப்போது வீட்டுக்குப் போவது இறக்கமாகிவிட்டது!

இதை இத்தனை ஆண்டும் கால்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. அவள் கேட்கவில்லை.

கேழி புல்வெளியின் நடுவில் போய்த் தோண்டினாள். மேலே வெளிறிய மஞ்சள் புழுதி. மூக்கில் ஒட்டக்கூட இல்லை. அதற்குக் கீழே சிவப்பு வண்டல், அடுக்கு அடுக்காக, பிசுபிசுவென்று. இடையிடையே மீன் செதில்களும் நத்தை ஓடுகளும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு பழைய வெள்ளம் விட்டுப்போனது. கரை கட்டிய நாளில் இருந்து புதிய அடுக்கு ஒன்றுகூட இல்லை. இருந்ததிலும் மேல் அடுக்கை எல்லோரும் தேக்கிலையில் கவ்விக்கொண்டுபோய்க் கரையில் போட்டிருக்கிறார்கள்.

பிறகு ஆற்றின் நடுவில் போய்த் தோண்டினாள். மணல். அதன் கீழே வண்டல். மறுபடி மணல், மறுபடி வண்டல். அவள் முன்னங்கால் முழுவதும் உள்ளே போயும் பழைய தரை வரவில்லை. சுழியனின் பாறை அதற்கும் கீழே எங்கோ இருந்தது.

கேழிக்கு எல்லாம் விளங்கியது. ஆறு மலையிலிருந்து தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. மண்ணையும் சுமந்து வருகிறது. முன்பு அந்தச் சுமையைப் புல்வெளியில் பரப்பி இறக்கிவைத்தது. இப்போது அதற்கு இறக்கிவைக்க இடம் இல்லை. அதனால் தன் மடியிலேயே போட்டுக்கொண்டது. ஆற்றின் தரை உயர்ந்தது. அதற்காகக் கரையை உயர்த்தினார்கள். கரையை உயர்த்தப் புல்வெளியைத் தோண்டினார்கள். ஆறு மேலே போக, வீடு கீழே போக, நடுவில் ஒரே ஒரு மண் சுவர். அவள் கட்டிய சுவர்.

புல்லுக்கு ருசி போய்விட்டது என்று மான்கள் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அன்று மாலை கேழி எல்லோரையும் கூட்டினாள். அவள் கூட்டம் கூட்டியது அதுவே முதல் முறை. பார்த்ததை எல்லாம் சொன்னாள். கடைசியில், "கரையை ஓர் இடத்தில் வெட்டித் திறக்க வேண்டும்" என்றாள்.

உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"கட்டியவளே வெட்டுவாளா?"

"வெயிலில் கிழங்கு தோண்டித் தோண்டி மூளை காய்ந்துவிட்டது!"

"அமைதி! அமைதி!" என்று கீச்சி பறந்து பறந்து கத்தினாள். அவள் கத்தல்தான் எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்தது.

செவியன் முன்னால் வந்தான். அவன் கத்தவில்லை. "அக்கா, என் குட்டிகளைக் கொண்டுபோன தண்ணீரை நீங்களே வாசலுக்குக் கூப்பிடுகிறீர்களா?"

கேழி அவன் முகத்தைப் பார்த்தாள். "அதே தண்ணீர்தான் செவியா. ஆனால் முன்பு அது தரை மட்டத்தில் இருந்து ஏறி வந்தது. இனி கரை உடைந்தால், உன் தலைக்கு மேலிருந்து விழும்."

"உடைந்தால்தானே? உங்கள் கரை உடையாது! உங்களைவிட உங்கள் கரையை நான் நம்புகிறேன்!"

கேழி குனிந்து மூக்கால் மண்ணைக் கிளறினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அடிவரை வெட்டப் போவதில்லை. அப்படிச் செய்தால் ஆறே இந்தப் பக்கம் திரும்பிவிடும். மேல்பகுதியில் மட்டும், அகலமாக ஒரு வாய். அதில் கல் பாவி, வேர் நட்டு, படி மாதிரி இறக்கிவிடுவேன். பெருவெள்ளத்தில் மிஞ்சிய தண்ணீர் மட்டும் வரும். முன்பு வெள்ளம் வடிந்த பழைய ஓடை வழியாகப் பரவி, புல்வெளியின் கீழ்க்கோடியில் மறுபடி ஆற்றில் சேரும். வரும்போது மண்ணை விட்டுவிட்டுப் போகும். அந்த நாட்களில் நாம் தங்கப் புல்வெளியிலேயே மேடுகள் போட்டுத் தருகிறேன்."

"மேட்டில் வாழ நாங்கள் என்ன கொக்கா?" என்றது ஒரு மான்.

கூட்டம் வெகுநேரம் நடந்தது. கடைசியில் ஒரு முடிவு வந்தது. கேழி கல்லை அடுக்கட்டும், மேடும் போடட்டும். ஆனால் ஆற்றுப் பக்கம் இருக்கும் மண் தடுப்பை யாரும் தொடக் கூடாது. அதைச் செவியன் காவல் காப்பான்.

கேழி தலையசைத்தாள். அன்று முதல் தனியாகவே வேலை செய்தாள். தட்டையான கற்களை மூக்கால் உருட்டிக்கொண்டு வந்தாள். கரையின் உட்பக்கத்தைச் செதுக்கிப் படிப்படியாகக் கற்களைப் பதித்தாள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே வெட்டிவேர் நட்டாள். கல் ஆடினால் எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். செதுக்கிய மண்ணை எல்லாம் கொண்டுபோய் மூன்று மேடுகள் போட்டாள். குட்டிகள் அவற்றைப் பன்றி மேடு என்று கேலி செய்தன. ஏறி விளையாடவும் செய்தன. வேலை முடிந்தபோது, ஆற்றுக்கும் அந்தப் படிக்கும் நடுவே ஒரு மண் தடுப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அதன் மேல் செவியன் உட்கார்ந்திருந்தான்.

மண் போடும் நாள் வந்தது. அந்த ஆண்டு செவியன் எல்லோரையும் விரட்டி விரட்டி மண் போடவைத்தான். தூரத்திலிருந்து கொண்டுவர நேரம் இல்லை என்று, தன் வீட்டுப் பக்கம் கரையின் அடியிலேயே தோண்டி எடுத்தான்.

"அடியில் எடுக்காதே செவியா! அது கரையின் பாதம்!" என்றாள் கேழி.

"நீங்கள் கல்லை வையுங்கள் அக்கா. நான் மண்ணை வைக்கிறேன்" என்றான் அவன். அந்த ஆண்டும் அவனுக்குக் குட்டிகள் பிறந்திருந்தன. அவன் மனைவி துவரி அவற்றைக் கரையடிப் புதரில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மழை வந்தது.

மலையிலும் பெய்தது. காட்டிலும் பெய்தது. செவ்வாறு பொங்கிப் பொங்கி, கரையின் விளிம்புவரை வந்து நின்றது. விழுந்த மரங்கள் கரையின் உயரத்திலேயே மிதந்து போவதைப் புல்வெளியில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஆற்றை அண்ணாந்து பார்ப்பது அவர்களுக்கு அதுவே முதல் முறை.

விடிந்து சற்று நேரத்தில் துவரி கத்தினாள். "இங்கே வாருங்கள்! தரையிலிருந்து தண்ணீர் வருகிறது!"

எல்லோரும் ஓடினார்கள். புதரின் பக்கத்தில், செவியன் மண் எடுத்த பள்ளத்தில், ஒரு சின்ன ஊற்று கொப்புளித்துக்கொண்டிருந்தது. கேழி குனிந்து பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது.

"பயப்படாதீர்கள்" என்றாள். "ஆறு ஏறி நிற்கிறது, கரைக்கு வியர்க்கிறது. தெளிவாக வந்தால் வரட்டும். கலங்கினால்தான் ஆபத்து."

செவியன் ஊற்றின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மழை வலுத்தது. பகல் ஏறியது. ஊற்று பெரிதானது. திடீரென்று அது மஞ்சளாக மாறியது.

"கலங்கிவிட்டது!" என்று கீச்சி அலறினாள்.

"ஆற்று மண்ணாக இருக்கும்" என்றான் செவியன். அவன் குரலில் உயிரில்லை.

"ஆற்று மண் சிவப்பு" என்றாள் கேழி. "இது மஞ்சள்."

செவியன் முன்னங்காலால் அந்தக் குழம்பைத் தொட்டான். மோந்து பார்த்தான். அவன் வாசல் மண்ணின் நிறம் அது. ஆண்டுதோறும் இலையில் பொதிந்து அவனே கரையில் போட்ட மண். கரையின் உள்ளிருந்து அது இப்போது கரைந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

"அக்கா, அந்தத் தடுப்பை வெட்டினால் என் வீட்டுக்குள் தண்ணீர் வருமா?"

"வரும்."

"வெட்டாவிட்டால்?"

"கரையே வரும்."

செவியன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு எழுந்து, ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு பன்றி மேட்டுக்கு ஓடினான். துவரி இன்னொன்றைக் கவ்விக்கொண்டு பின்னால் ஓடினாள். "எல்லோரும் மேட்டுக்குப் போங்கள்! மேட்டுக்கு!" என்று கீச்சி வீடு வீடாகப் பறந்து கத்தினாள். மான்கள் வழியில் கிடந்த குட்டிகளை எல்லாம் கவ்விக்கொண்டு போயின. கேலி செய்த வாயெல்லாம் குட்டிகளைக் கவ்வியிருந்ததால், ஒருவரும் எதுவும் பேச முடியவில்லை.

கடைசிக் குட்டியையும் மேட்டில் விட்டதும் செவியன் நிற்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே நேராகக் கரைக்கு ஓடினான். கேழி அங்கே நின்றிருந்தாள். மண் தடுப்பின் முன்னால் நின்றாளே தவிர, அதைத் தொடவில்லை.

"ஏன் அக்கா நிற்கிறீர்கள்?"

"காவல் உன்னுடையது" என்றாள் கேழி. "நீ சொல்ல வேண்டும்."

செவியன் சொல்லவில்லை. குனிந்து தோண்டத் தொடங்கினான். "வரட்டும்!" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "என் வீட்டுக்குத் தண்ணீர் வரட்டும்! ஆனால் நடந்து வரட்டும். குதித்து வர வேண்டாம்!"

கேழி மூக்கை மண்ணில் குத்தினாள். இருவரும் தோண்டினார்கள். மறுபக்கம் தண்ணீரில் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. சுழியன்!

"உங்கள் கரையில் நானும் தோண்டலாமா? இந்த ஒரு முறையாவது அனுமதி உண்டா?"

"உண்டு! உண்டு! சீக்கிரம் தோண்டடா!" என்றான் செவியன்.

"இதைக் கேட்கத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன் மாப்பிள்ளை!" என்று சுழியன் முழு மூச்சாகத் தோண்டினான்.

மண் தடுப்பு கரைந்தது. முதலில் ஒரு விரல் அகலத் தண்ணீர் வந்தது. கேழி செவியனை இழுத்து ஓரமாக ஒதுக்கினாள். தடுப்பு சரிந்தது. தண்ணீர் வாய் முழுவதும் பரவி, முதல் கல்லில் விழுந்தது. இரண்டாவது கல்லில் இறங்கியது. மூன்றாவதில் வேகம் குறைந்தது. கற்கள் ஆடவில்லை. வேர்கள் பிடியை விடவில்லை. கடைசிப் படியில் இறங்கியபோது அது கரை மேல் உறுமிக்கொண்டிருந்த வெள்ளமாகத் தெரியவில்லை. புல்லைக் கோதிக்கொண்டு, பழைய ஓடையைக் கண்டுபிடித்து, அதில் இறங்கி, மெல்ல மெல்லப் பரவியது.

கேழியும் செவியனும் ஓடி வந்து மேட்டில் ஏறிக்கொண்டார்கள். மேட்டில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். தண்ணீர் செவியனின் புதரை அடைந்தது. அதன் அடியைத் தொட்டது. உள்ளே போனது. செவியன் தன் குட்டிகளை ஒவ்வொன்றாக மூக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். எல்லாம் இருந்தன.

ஆற்றின் மட்டம் விளிம்பிலிருந்து இறங்கியது. கரையடி ஊற்றையும் வெள்ளம் மூடிவிட்டது. உள்ளேயும் தண்ணீர் நின்றதால், கரையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்த பாரம் குறைந்தது. கரை நின்றது! கேழி கட்டிய கரை, அந்தக் காட்டின் பெரிய வெள்ளத்தில், தலையில் ஒரு வாயோடு அசையாமல் நின்றது.

எல்லோரும் கேழியைத் தேடினார்கள். அவள் வழக்கம் போல ஒரு புதருக்குப் பின்னால் போக நினைத்தாள். மேட்டில் புதர் இல்லாததால் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெள்ளம் சில நாள் தங்கியது. பிறகு கீழ்க்கோடி வழியாக வடிந்தது. இறங்கிப் பார்த்தபோது புல்வெளி முழுவதும் சிவப்பாகப் பளபளத்தது. செவியன் கால் வைத்தான். கால் புதைந்தது. வீட்டுக்குள்ளும் சேறு நிறைந்திருந்தது. துவரி, "இதை யார் கழுவுவது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஓடையின் குட்டைகளில் விரால் குஞ்சுகள் துள்ளின. அதைப் பார்த்த சுழியன், இனி தன் பாறையைப் பற்றிப் பேசப் போவதில்லை என்றான்.

சேறு காய்ந்ததும் புல் முளைத்தது. அப்படிப்பட்ட புல்லை அந்தத் தலைமுறை மான்கள் தின்றதே இல்லை. வாயில் வைத்துவிட்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மண் போடும் நாளை அவர்கள் விட்டுவிடவில்லை. ஆனால் இப்போது ஆற்றுக்குள் இறங்கி, அங்கே குவிந்த மண்ணைத்தான் எடுத்து வருகிறார்கள். பாதியைக் கரைக்குப் போடுகிறார்கள், பாதியை மேடுகளுக்குப் போடுகிறார்கள். அந்த வாயைக் காவல் காப்பது செவியன்தான். கோடையில் அங்கே முளைக்கும் முட்செடிகளைப் பிடுங்குவான். ஆடும் கல்லைக் கேழியிடம் காட்டுவான். மழைக்காலத்தில் தண்ணீர் முதல் கல்லைத் தொட்டதும் கீச்சி கத்துவாள். எல்லோரும் அவசரமில்லாமல் மேட்டுக்கு நடப்பார்கள். சில ஆண்டுகள் தண்ணீர் வரவே வராது. அப்போது புல்லுக்காக மான்கள் கவலைப்படும்.

வேறொரு ஆற்றங்காட்டிலிருந்து ஒருநாள் சில மான்கள் வந்தன. செவ்வாற்றுக் கரையின் புகழ் அவ்வளவு தூரம் போயிருந்தது. "எங்கள் ஆற்றுக்கும் ஒரு கரை வேண்டும். உங்கள் வேலையைப் பார்த்துப் போக வந்தோம் அம்மா" என்றன.

கேழி அவற்றைக் கரை மேல் அழைத்துப் போனாள். இறுகிய சரிவுகளையும் வெட்டிவேரையும் தாண்டி நடந்தாள். கல் பாவிய வாயின் முன்னால் வந்து நின்றாள்.

விருந்து மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "இது... உடைந்த இடம் இல்லையா? கரையைக் காட்டுங்கள் அம்மா."

கேழி வெட்கத்தோடு ஒரு கல்லை மூக்கால் தொட்டு, ஆடுகிறதா என்று பார்த்தாள். ஆடவில்லை.

"கரை கட்டும்போது எனக்கு மண்ணைப் பற்றித்தான் தெரிந்திருந்தது" என்றாள். "ஆற்றைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு கட்டியது இதுதான். அதனால் இதை முதலில் பாருங்கள்."

தன் கையால் கட்டியதைத் தன் கையாலேயே திருத்தத் துணிகிறவரின் வேலைதான் காலத்துக்கும் நிலைத்து நிற்கும்.